சிதைவும் சேர்க்கையும்: நிலக்கரி வினைவேகவியலின் தமிழ்க் கலைச்சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிலக்கரியைக் காற்றின்றிச் சூடேற்றும்போது நிகழும் வேதிமாற்றமும், அதனை எண்ணெயாக மாற்றும் முறையும் தமிழில் முறையே ‘வெப்பச்சிதைவு’, ‘நீர்மமாக்கல்’ எனப்படுகின்றன. இவ்விரு சொற்களும் வினையின் விளைவைச் சொல்கின்றன. அவ்விளைவைத் தீர்மானிக்கும் வேகப் போட்டியைச் சொல்வதில்லை. ‘வினைவகை’ என்னும் சொல்லோ கணிதக் கருத்தொன்றை வகைப்பாட்டுக் கருத்தாகத் திரித்துவிடுகிறது. கரிமூட்டத் தொழிலின் வழக்கையும் நெய்வேலிப் பட்டறிவையும் அளவுகோலாகக் கொண்டு இச்சொற்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், வெப்பச்சிதைவு, வினைவேகவியல், கரிமூட்டம், நெய்வேலி, நீர்மமாக்கல்.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மலையடிவாரத்து மகாராஜபுரம், வத்திராயிருப்பு வட்டாரம் தென்னந்தோப்புகளால் ஆனது. அதே மாவட்டத்தின் கிழக்குப் பகுதி மானாவாரி நிலமும் சீமைக்கருவேலமுமாக விரிகிறது. ஒருபுறம் சிரட்டைக்கரி, மறுபுறம் மூட்டம் போட்டு எடுக்கும் விறகுக்கரி என இரண்டும் இருவேறு சரக்குகள். விலையும் வேறு, எரியும் தன்மையும் வேறு. துணி தேய்ப்பவருக்கும் பட்டறைக்காரருக்கும் இந்த வேறுபாடு தெரியும். இந்த மண்ணிலிருந்து மேல்நிலை வகுப்புக்குச் செல்லும் மாணவர் வேதியியல் நூலில் ‘வேதிவினை வேகவியல்’ என்னும் பாடத்தைப் படிக்கிறார். அர்ரீனியஸ் சமன்பாட்டைக் கற்கிறார். மூட்டத்தில் நடப்பதும் அச்சமன்பாடு பேசுவதும் ஒன்றே என்பதைப் பாடத்தின் சொற்கள் அவருக்கு உணர்த்துகின்றனவா என்பதே இக்கட்டுரையின் வினா.

கலைச்சொல் திறனாய்வு தமிழில் பெரும்பாலும் தனித்தமிழா, வடசொல்லா, ஒலிபெயர்ப்பா என்ற தளத்திலேயே நின்றுவிட்டது. 1875இல் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் ‘கெமிஸ்தம்’ நூலை வெளியிட்ட காலத்திலும், 1916இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நடத்திய காலத்திலும் அந்த வினாவுக்கு இடமிருந்தது. கலைச்சொல் பட்டியல்கள் பல வந்துவிட்ட இன்று கேட்க வேண்டியது வேறொன்று: ஒரு சொல், தான் சுட்டும் அறிவியல் கருத்தின் உள்ளமைப்பைத் தாங்குகிறதா? நிலக்கரியின் வினைவேகவியல் இக்கேள்விக்கு நல்ல உரைகல். அங்கே வினைபடுபொருள் எது, விளைபொருள் எது என்பதைவிட, எது முந்துகிறது என்பதே முதன்மையான செய்தி.

‘நிலக்கரி’ என்னும் பெயர்

கரி என்பது எரிந்தோ கருகியோ எஞ்சியது. நிலக்கரி எரிந்து எஞ்சியதன்று. புதையுண்ட தாவரப் பொருள் புவியின் உள்வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மாறியது. கரி என்று பெயர் பெற்ற ஒரு பொருளைக் ‘கரியாக்குதல்’ எப்படி என்ற குழப்பம் வகுப்பறையில் எழுவது இயல்பே. பழுப்பு நிலக்கரி என்னும்போது நிறமுரணும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்திலும் நிலக்கரியைக் குறிக்கும் சொல் முதலில் விறகுக்கரியையே குறித்தது. அகழ்ந்தெடுத்த பொருளுக்கு அது பின்னர்ப் பரவியது. மக்கள் முதலில் அறிந்த பொருளின் பெயர் புதிய பொருளுக்குச் செல்வது மொழிகளின் பொதுவழக்கம். எனவே இப்பெயரை மாற்ற முனைவது வீண்வேலை. பாடநூல் ஒரு வரியில் விளக்கிவிட்டால் போதும்.

மூட்டமும் ‘வெப்பச்சிதைவும்’

சிக்கல் ‘வெப்பச்சிதைவு’ என்னும் சொல்லில்தான் தொடங்குகிறது. ‘தீயாற்பகுப்பு’ என்றும் ஒரு சொல் வழங்குகிறது. இரண்டாவதை எளிதில் விலக்கிவிடலாம்: காற்றில்லாத சூட்டில் நிகழும் வினைக்குத் தீயைப் பெயராக வைப்பது நேர்முரண். முதற்சொல் அவ்வளவு எளிதில் விலக்கத்தக்கதன்று. வெப்பத்தால் பெரிய மூலக்கூறுகள் முறிவது உண்மையே. ஆயின் முறிவது நிகழ்வின் ஒரு பாதி மட்டுமே.

கரிமூட்டத்தின் வேலைமுறையைக் கவனித்தால் மறுபாதி புலனாகும். விறகு நெருக்கமாக அடுக்கப்படுகிறது. அதன்மேல் தழையோ வைக்கோலோ பரப்பி, மண் அணைத்து மூடப்படுகிறது. தீயிட்டபின் ஓரத்துளைகளால் காற்று அளந்து விடப்படுகிறது. முதலில் அடர்ந்த வெண்புகை வெளிவரும். அதில் பெரும்பங்கு நீராவி. பின்னர்ப் புகை மெலிந்து நீலம் பாயும். அந்நிலையில் துளைகள் அடைக்கப்பட்டு மூட்டம் ஆறவிடப்படுகிறது. துளைகளை அடைக்கத் தாமதித்தால் கரி சாம்பலாகும். முந்தி அடைத்தால் உள்ளே விறகு விறகாகவே கிடக்கும். ஆகவே மூட்டக்காரர் கையாள்வது வெப்பத்தை மட்டுமன்று. மூன்று வினைகளின் வேகத்தை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திவைப்பதே அவருடைய தொழில்: ஆவிப்பொருள்கள் பிரிந்து வெளியேறுவது ஒன்று, எஞ்சிய துண்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து கரியாக இறுகுவது மற்றொன்று, உருவான கரி காற்றுப்பட்டு எரிவது மூன்றாவது. இவற்றுள் முதலாவதை மட்டுமே ‘சிதைவு’ என்னலாம். கரி என்னும் விளைபொருள் சிதைவால் உண்டாவதில்லை; சேர்க்கையால் உண்டாகிறது.

இக்கருத்து அறிவியல் இலக்கியத்தில் புதிதன்று. செல்லுலோசின் வெப்பவினைக்கு 1979இல் பிராட்பரி, சகாய், ஷாஃபிசாதே ஆகியோர் தந்த முன்மாதிரி, கிளர்வுற்ற செல்லுலோசுக்கு இரண்டு வழிகள் திறந்திருப்பதாகக் கொள்கிறது. ஒரு வழியில் தாரும் ஆவியும் கிடைக்கும். மற்றொரு வழியில் கரியும் வாயுவும் கிடைக்கும். நிலக்கரிக்கு அதற்கு ஈராண்டுகள் முன்னர், 1977இல், கோபயாஷி, ஹோவார்ட், சரோஃபிம் ஆகியோர் அத்தகைய போட்டி முன்மாதிரி ஒன்றை வெளியிட்டனர். பழுப்பு நிலக்கரியையும் பிட்டுமினிய நிலக்கரியையும் மிகவிரைவாகச் சூடேற்றிய ஆய்வு அது. அதன்படி ஒரே நிலக்கரி இரு வினைகளால் ஒரே நேரத்தில் மாறுகிறது. முதல் வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 105 கிலோஜூல், அதிர்வெண் காரணி நொடிக்கு 2 லட்சம். இரண்டாம் வினையின் கிளர்வு ஆற்றல் ஏறத்தாழ 167 கிலோஜூல், அதிர்வெண் காரணி நொடிக்கு 1 கோடியே 30 லட்சம். முதல் வினையில் ஆவிப்பொருளாகப் பிரிவது ஏறத்தாழ 30 விழுக்காடு மட்டும், எஞ்சியது கரி. இரண்டாம் வினையிலோ ஏறக்குறைய முழுவதும் ஆவியாகப் பிரிகிறது.

இவ்வெண்களை அர்ரீனியஸ் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 1000 கெல்வினில் முதல் வினை இரண்டாவதைவிட ஏறத்தாழ 30 மடங்கு விரைவானது. வெப்பநிலை உயர உயர இடைவெளி குறைந்து, 1800 கெல்வினை ஒட்டி இரண்டும் சமமாகின்றன. அதற்குமேல் இரண்டாவது முந்துகிறது. மெதுவாகச் சூடேறும் மூட்டத்தில் கரி ஏன் மிகுதியாகக் கிடைக்கிறது, அனல்மின் நிலைய உலையில் நிலக்கரித்தூள் ஏன் பெரும்பாலும் ஆவியாகப் பறக்கிறது என்பதன் ஒரு பகுதியை இந்தச் சிறு கணக்கு விளக்கிவிடும். ‘சிதைவு’ என்னும் சொல்லை மட்டும் கையிற்கொண்ட மாணவர் இங்கு இடறுவார். கூடுதல் சூட்டில் கூடுதல் சிதைவு என்று மட்டுமே அவர் விளங்கிக்கொள்வார். குறைந்த சூட்டில் வேறொரு வினை வெல்கிறது என்பதை அச்சொல் அவருக்குச் சொல்லித் தராது.

தமிழில் ‘மூட்டம்’ என்னும் சொல்லோ தீ மூட்டுதலையும், மேகமூட்டம், புகைமூட்டம் என்பவற்றில் போல மூடிநிற்றலையும் ஒருங்கே நினைவூட்டுகிறது. தீயும் மூடாப்பும் சேர்ந்தே வினையைத் தீர்மானிக்கின்றன என்ற அறிவு அச்சொல்லில் பொதிந்துள்ளது. ‘கரி’ என்பதற்குப் பழந்தமிழில் சான்று என்ற பொருளும் உண்டு. ஒரு கரித்துண்டு எவ்வளவு சூட்டைக் கண்டது என்பதை அதன் ஒளி எதிரொளிப்பைக் கொண்டு இன்று மதிப்பிடுகின்றனர் என்பதைச் சொற்பொருளின் தற்செயல் ஒற்றுமையாகக் கொள்ளலாம். அதற்குமேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.

‘வகை’யா, ‘படி’யா?

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘முதல் வகை வினை’, ‘இரண்டாம் வகை வினை’ என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘முதலாம் வரிசைத் தாக்கம்’ என்கின்றன. இவை சுட்டும் கருத்து, வினைவேகச் சமன்பாட்டில் செறிவின்மேல் நிற்கும் அடுக்கெண். அது சோதனையால் கிடைப்பது, பின்னமாகவும் இருக்கலாம். நிலக்கரியின் எடையிழப்புத் தரவுக்கு ஒன்று என்ற அடுக்கும் பொருந்தலாம். ஒன்றரையோ இரண்டோ இன்னும் நன்றாகப் பொருந்தலாம். ‘ஒன்றரை அடுக்கு’ என்றால் பொருள் உண்டு. ‘ஒன்றரை வகை வினை’ என்றால் தமிழில் அதற்குப் பொருளே இல்லை. வகை என்பது இனம். இனத்தில் பாதி கிடையாது. ‘ஒன்றரையாம் வரிசை’யும் அவ்வாறே இடறுகிறது.

இதனை வெறும் சொல்லழகுக் குறையாகத் தள்ளிவிட முடியாது. நிலக்கரி முதல் வகை வினைக்கு உட்படுகிறது என்று தமிழில் படிப்பவர், அது நிலக்கரியின் இயல்பைப் பற்றிய கூற்று என எண்ணுகிறார். உண்மையில் நிலக்கரியில் ஆயிரக்கணக்கான பிணைப்புகள் வெவ்வேறு வலிமையுடன் உள்ளன. வெவ்வேறு வெப்பநிலைகளில் முறிகின்றன. அவற்றையெல்லாம் ஒரே வினையாகப் பாவித்து ஒரே கிளர்வு ஆற்றலைக் கணக்கிட்டால், கிடைக்கும் எண் தனித்தனிப் பிணைப்பு முறிவுகளின் ஆற்றலைவிடத் தாழ்ந்திருக்கும். வினைகள் வெப்பநிலை அச்சில் பரந்து கிடப்பதால் மொத்த வளைகோடு மந்தமாக ஏறுவதே இதற்குக் காரணம். இந்தப் பொய்த்தோற்றத்தைத் தவிர்க்கவே பிட் 1962இலும், அந்தோனியும் ஹோவார்டும் 1970களிலும், கிளர்வு ஆற்றல் ஒற்றை எண்ணன்று, ஒரு பரவல் என்று கொண்டனர். பரவலில் உள்ள ஒவ்வொரு வினையும் முதற்படியில் நடப்பதாகவும், எல்லாம் சேர்ந்த மொத்தம் எந்த எளிய படியிலும் அடங்காததாகவும் அவர்கள் காட்டினர். ‘வகை’ என்ற சொல் இந்த வாதத்தையே தமிழில் சொல்லவொட்டாமல் செய்கிறது. ‘வினைப்படி’ என்றால் சொல்ல முடியும். கணிதத்தில் பல்லுறுப்புக்கோவையின் அடுக்கைப் ‘படி’ என்றே மாணவர் முன்பே படித்திருக்கிறார்.

பிற சொற்களைச் சுருங்கப் பார்க்கலாம். இலங்கையின் ‘ஏவற்சக்தி’யைவிடத் தமிழ்நாட்டின் ‘கிளர்வு ஆற்றல்’ தெளிவானது. மூலக்கூறு கிளர்ந்தெழுகிறது, எவரும் அதனை ஏவுவதில்லை. மாறாக, ‘தாக்கவீதம்’ என்பதிலுள்ள ‘வீதம்’ நொடிக்கு இவ்வளவு என்ற அளவுக்கருத்தைத் தருகிறது, ‘வேகம்’ தருவதில்லை. ‘வேதி இயக்கவியல்’ என்பதோ இயற்பியலின் இயக்கவியலோடு மோதும். அதனைக் கைவிட்டு ‘வேகவியல்’ எனக் கொண்டது நல்ல முடிவு. ஆக, இரு கரைகளிலும் சரியும் பிழையும் கலந்தே கிடக்கின்றன. ஒரு கரையின் பட்டியலை மற்றது அப்படியே ஏற்பதில் பயனில்லை.

நெய்வேலி: மெதுவாகச் சூடேற்றிய பட்டறிவு

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் நீரோடு வந்த கரும்பொருளே நெய்வேலியின் தொடக்கம் எனப்படுகிறது. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அங்கு எடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அதனை அப்படியே வீட்டடுப்பில் எரிக்க முடியாது. எனவே 1960களில் அமைந்த ஆலையில் அதை உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, காற்றின்றிச் சூடேற்றிப் புகையற்ற எரிபொருளாக்கினர். ‘லெகோ’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. உடன்விளைபொருளாகத் தாரும் ஃபீனால் வகைப் பொருள்களும் கிடைத்தன. அவ்வாலை இப்போது இயங்குவதில்லை.

தமிழ்நாட்டில் மிகப்பெரிய அளவில் நடந்த நிலக்கரி வெப்பவினை இதுவே. மூட்டக்காரரின் நோக்கமும் இதன் நோக்கமும் ஒன்று: ஆவியைக் குறைத்து இறுகிய எச்சத்தைப் பெருக்குவது. ஆகவே இரண்டிடத்திலும் சூடேற்றல் மெதுவாக நடக்க வேண்டும். விரைவாகச் சூடேற்றினால் கட்டியின் உள்ளிருந்து சீறும் நீராவியும் வாயுவும் கட்டியையே பிளந்துவிடும். தாரும் உள்ளேயே தங்கி மறுபடி கரியாக இறுக வாய்ப்பின்றி வெளியேறிவிடும். வேகம் விளைபொருளின் உருவத்தையே ஆளும் இடம் இது. ‘நிலக்கரியைக் கரியாக்கல்’ என்று மொழிபெயர்த்துவிட்டு அமைந்தால் இதில் எதுவும் புலப்படாது. எச்சத்தின் பெயரிலும் கவனம் தேவை. உருகி, நுரைத்து, மீண்டும் இறுகிய எச்சத்துக்குக் ‘கற்கரி’ என்னும் நல்ல சொல் உண்டு. பழுப்பு நிலக்கரி அவ்வாறு உருகுவதில்லை. அதன் எச்சத்தைக் கற்கரி என்பது பிழை. ‘எச்சக்கரி’ எனலாம்.

‘நீர்மமாக்கல்’ என்னும் மயக்கம்

நான்கு சொற்களுள் மிகுந்த தீங்கு செய்வது இதுவே. ‘திரவமாக்கல்’, ‘நீர்மமாக்கல்’ ஆகியவை இயற்பியலில் வாயுவைக் குளிர்வித்தும் அழுத்தியும் நீர்மமாக்குவதைக் குறிக்கின்றன. சமையலறை உருளையிலுள்ள ‘திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு’ எல்லோரும் அறிந்தது. அங்கே மூலக்கூறு மாறுவதில்லை. நிலை மட்டும் மாறுகிறது. நிலக்கரி நீர்மமாக்கலில் நிலை மாறுவது பின்விளைவு. மூலக்கூறு மாறுவதே நிகழ்வு. நிலக்கரியை எண்ணெயாக்க ஃபிரீட்ரிக் பெர்கியுஸ் 1913இல் காப்புரிமை பெற்ற முறை, உயர் அழுத்த ஹைட்ரஜனில் நிலக்கரியைச் சூடேற்றுவது. 1931இல் கார்ல் போஷுடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்தது உயர் அழுத்த வேதிமுறைகளுக்காகவே. ஃபிஷரும் டிராப்ஷும் 1920களில் கண்ட மறைமுக முறையோ நிலக்கரியை முதலில் வாயுவாக்கி, அவ்வாயுவிலிருந்து நீர்ம எரிபொருளைக் கட்டியெழுப்புவது. இரண்டையும் ‘நீர்மமாக்கல்’ என்ற ஒரே சொல் விழுங்கிவிடுகிறது.

நேரடி முறையின் வேகவியலைப் பார்த்தால் மயக்கத்தின் ஆழம் தெரியும். ஏறத்தாழ 400 முதல் 450 பாகை செல்சியசில் நிலக்கரியின் வலுக்குறைந்த பிணைப்புகள் முறிந்து தனியுறுப்புகள் உண்டாகின்றன. காற்றற்ற சூட்டில் நடக்கும் முதற்படியும் இதுவே. வேறுபாடு அடுத்த கணத்தில்தான். டெட்ரலின் போன்ற ஹைட்ரஜன் வழங்கும் கரைப்பான் அருகிலிருந்தால் தனியுறுப்பு அதனிடமிருந்து ஹைட்ரஜனைப் பெற்று அடங்குகிறது. சிறு மூலக்கூறாகக் கரைசலில் நிற்கிறது. வழங்கி கிட்டாவிட்டால் தனியுறுப்புகள் தமக்குள் பிணைந்து மறுபடியும் கரியாகின்றன. 1967இல் கரன், ஸ்ட்ரக், கோரின் ஆகியோரின் ஆய்வு இவ்வழிமுறையைத் தெளிவாக முன்வைத்தது. பின்வந்த ஆய்வுகள் நிலக்கரி முதலில் முன் அஸ்பால்டீனாகவும், பிறகு அஸ்பால்டீனாகவும், இறுதியில் எண்ணெயாகவும் மாறும் தொடர்வினையாக இதனைக் கணக்கிடுகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் பின்வாங்கிக் கரியாகும் வழி திறந்தே இருக்கிறது.

ஆக, வெப்பச்சிதைவும் நீர்மமாக்கலும் இருவேறு நிகழ்வுகளல்ல; ஒரே முறிவின் இரு முடிவுகள். முறிந்த துண்டை முதலில் சென்றடைவது ஹைட்ரஜனா, மற்றொரு துண்டா என்ற போட்டியே முடிவைத் தருகிறது. தமிழ்ச் சொற்களோ ஒன்றைச் சிதைவு என்றும், மற்றொன்றை நிலைமாற்றம் என்றும் பிரித்து, வேறு வேறு இயல்களில் வைத்துவிடுகின்றன. ‘ஹைட்ரஜனூட்டி எண்ணெயாக்கல்’ என்பது நீளமான தொடர்தான். ஆனால் அது பொய் சொல்வதில்லை.

ஒரு மறுப்பு

கலைச்சொல் என்பது அடையாளச் சீட்டு மட்டுமே. ஆங்கிலச் சொற்களும் இதே குறையுடையவைதாமே என்று வாதிடலாம். வாதத்தின் பின்பாதி உண்மை. வாயுவுக்கும் நிலக்கரிக்கும் ஆங்கிலத்திலும் ஒரே சொல்தான். ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல்லைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கான ஆய்வுரைகள் நிற்கின்றன. சொல்லின் குறையை அந்த உரைகள் ஈடுசெய்துவிடுகின்றன. தமிழ்வழி மாணவர் இளநிலைக்கு அப்பால் செல்லும்போது இத்துறையில் தமிழில் படிக்க உரைகள் மிகக் குறைவு. அவருக்குச் சொல்லே உரை. ஆகவே தமிழில் கலைச்சொல்லின் சுமை கூடுதல். ஆங்கிலச் சொல்லை ஒன்றுக்கு ஒன்றாகப் பெயர்த்து வைப்பது இங்கே சிக்கனமன்று; ஆங்கிலத்தின் குறையை, அதன் ஈடு இல்லாமல், வாங்கிக்கொள்வது.

இவ்வினா இப்போது எழக் காரணமும் உண்டு. 2030க்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது என்பது இந்திய அரசின் இலக்கு. 2024 ஜனவரியில் அதற்கு ₹8,500 கோடி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ‘வாயுவாக்கம்’ என்னும் சொல் நாளிதழ்களுக்கு வந்துவிட்டது. நீர்மமாக்கலுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். அங்கும் கரி நீராவியோடும் கார்பன் டைஆக்சைடோடும் வினைபுரிந்தே வாயு பிறக்கிறது. கற்பூரம் போல அது வாயுவாகிவிடுவதில்லை. மறுபுறம், சீமைக்கருவேலத்தை அகற்றும் முயற்சிகளும் உயிரிக்கரி பற்றிய வேளாண் ஆய்வுகளும் மூட்டத்தை மீண்டும் ஆய்வுப்பொருளாக்கியுள்ளன. புகையின் நிறமாற்றம், துளை திறப்பு, அடைப்பு, ஆறவிடும் காலம் ஆகியவற்றுக்குத் தொழிலாளரிடம் வழங்கும் சொற்களை விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் ஊர்வாரியாகத் தொகுத்து, வேகவியல் பாடத்தின் சொற்களோடு ஒப்பிட வேண்டும். வேதியியல் துறையும் தமிழ்த்துறையும் சேர்ந்தாலன்றி அப்பணி நடவாது. முதலில் தொகுக்க வேண்டியவை, வெந்தும் வேகாமலும் இடைநின்ற கரிக்கு ஊர்தோறும் வழங்கும் பெயர்கள்.